ஆட்டுக்கறி போட்ட லோக்ரோ

ட்ரெலேவ், 6 ஏப்ரல் 1987

மதிப்பிற்குரிய ஹசிந்தா அவர்களுக்கு,

நான் நெரிஸ், உங்கள் தம்பி நிக்கனோரின் மனைவி. போன வருடம் மே இருபத்தைந்தாம் தேதி உங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அன்று இரவே பெட்டியோடு கிளம்பியவள். இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

இந்த வருடம் தேசிய நாளான மே இருபத்தைந்து திங்கட்கிழமை வருகிறது. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் விடுமுறை. என் அம்மாவும் அண்ணன் எல்வினும் கைமான் ஊரிலிருந்து எங்கள் வீட்டில் தங்க வருகிறார்கள். கைமான் இங்கிருந்து அரைமணி நேரம்கூட இல்லை. ஆனால் எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அம்மா ஒருமுறைகூட எங்கள் மேசையில் சாப்பிட்டதில்லை. வாசலிலேயே நின்று, ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கல்யாணத்தன்றே, "வடக்கத்தியான் வீட்டுல என்ன இருக்கும், அவிச்ச சோளம்தான" என்று என் சித்தியிடம் சொன்னார். அது உங்கள் தம்பி காதிலும் விழுந்தது.

இப்போது அவர்கள் வருகிறார்கள் என்றதும் உங்கள் தம்பி என்னிடம், "நீ கேக் பண்ணு, டீ போடு. நான் அந்த மூணு நாளும் மில்லுல ஓவர்டைம் பாத்துக்கறேன்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தன் வீட்டிலேயே ஒளிந்துகொள்ள வேண்டிய ஆள் இல்லை. மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார வேண்டும். அவர் ஊர்ச் சாப்பாடு அவர் முன்னால் இருக்க வேண்டும். அதை என் அம்மா சாப்பிட வேண்டும்.

சனிக்கிழமை இரவுக்கு உருளைக்கிழங்கு சூப்பும் ரொட்டியும் வைப்பேன். ஞாயிறு மாலை டீ, வெண்ணெய், எங்கள் கறுப்புக் கேக். இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். திங்கள் மதியத்துக்கு, சோளமும் கறியும் கரைய நீங்கள் அன்று கிண்டிய அந்த லோக்ரோ வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது.

உங்களிடம் கேட்பது எனக்கு எளிதாக இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நெரிஸ்


மொன்தெரோஸ், 14 ஏப்ரல் 1987

நிக்கனோர் மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. பாராட்ட வேறு ஒன்றும் அதில் இல்லை.

போன மே மாதத்தை நீ எனக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். விடியுமுன் எழுந்து முற்றத்தில் விறகு மூட்டி, மதியம் வரை கரண்டியைக் கீழே வைக்காமல் கிண்டியவள் நான். எங்கள் தெருவில் மே இருபத்தைந்து என்றால் என் வீட்டு வாசல்தான். ஒருத்தர் சோளம் கொண்டுவருவார், ஒருத்தர் பூசணி, ஒருத்தர் விறகு. மதியம் அத்தனை பேரும் பானையோடு வந்து நிற்பார்கள். அத்தனை பேர் பார்க்க நீ மூன்று வாய் தின்றாய். பிறகு கரண்டியைத் தட்டின் ஓரம் வைத்துவிட்டு மாதா சிலை மாதிரி உட்கார்ந்துகொண்டாய். பக்கத்து வீட்டுப் பிரிகிதா என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "அக்கா, தம்பி பொண்டாட்டிக்கு எறங்கலயோ" என்றாள். அவள் காதோடு சொன்னால் ஊருக்கே கேட்கும்.

அப்புறம்தான் நான் அதைச் சொன்னேன். "ஆட்டுப்பட்டியில வளந்தவளுக்கு மனுசச் சாப்பாடு எறங்குமா" என்றேன். சொல்லவில்லை என்று நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் நிக்கனோர் எழுந்து பெட்டியைத் தூக்கினானே, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா செத்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் நான். இந்த ஒரு வருடத்தில் எனக்கு ஒரு வரி எழுதினானா?

மூன்று வாய்க்கு மேல் இறங்காத சாப்பாட்டை உன் அம்மாவுக்கு எதற்கு வைக்கிறாய்? கேக் செய். டீ போடு. உங்களுக்கு அது போதும்.

ஹசிந்தா

அவன் மெலிந்துவிட்டானா? இதற்காகப் பதில் எழுத வேண்டியதில்லை.


ட்ரெலேவ், 21 ஏப்ரல் 1987

ஹசிந்தா அவர்களுக்கு,

அவர் மெலியவில்லை. பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டுக் கொடுத்திருக்கிறேன், தளர்த்திப் போட.

மூன்று வாய் விஷயம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் யாரிடமும் சமாதானம் சொல்லிப் பழக்கமில்லாதவள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

வெங்காயத்தாளையும் மிளகாயையும் கொழுப்பில் வதக்கி, ஒரு கிண்ணத்தில் சிவப்புத் தாளிப்பு வைத்திருந்தீர்கள். விருந்தாளி என்று அந்தக் கிண்ணத்தை முதலில் என் முன்னால் நகர்த்தினார்கள். எங்கள் வீடுகளில் விருந்தாளியின் முன்னால் வைப்பது விருந்தாளிக்கு. மிச்சம் வைத்தால் வீட்டுக்காரிக்கு அவமானம். அதனால் கிண்ணத்தைக் கவிழ்த்து முழுவதையும் என் தட்டில் ஊற்றிக்கொண்டேன்.

மேசையில் இருந்த எல்லோருக்கும் அது வைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் வாயிலேயே காது அடைத்தது. மூன்றாவது வாய்க்குப் பிறகு கரண்டியைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் தண்ணீர் கேட்கவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் சாப்பாடு காரம் என்று சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. நான் அழவுமில்லை. கண்ணிலிருந்து வந்தது தானாக வந்தது.

உங்கள் லோக்ரோ எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் உண்மை.

இனி உங்கள் விருப்பம். நீங்கள் சொல்லித்தராவிட்டாலும் மே இருபத்தைந்தாம் தேதி எங்கள் வீட்டில் லோக்ரோ உண்டு. மில்லில் நூல் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், வடக்குப் பக்கத்துக்காரி. டின் சோளத்தை வாங்கிக் கொட்டி, கெட்டியாக இரண்டு கரண்டி மாவு கரைத்து ஊற்றினால் வேலை முடிந்தது என்கிறாள்.

நெரிஸ்


மொன்தெரோஸ், 28 ஏப்ரல் 1987

தெற்கத்திக்காரிக்கு,

டின் சோளம் என்ற வார்த்தையை இனி எனக்கு எழுதாதே. ரத்தக்கொதிப்புக்கு ஏற்கெனவே மாத்திரை தின்கிறேன். அந்த நூல் பிரிவுக்காரி எந்த ஊர் என்று கேட்டுச் சொல். எங்கள் ஊராக இருக்க முடியாது.

உன் கடிதத்தைப் பிரிகிதாவுக்கு வாசித்துக் காட்டினேன். தப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பைத் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. "முழுக் கிண்ணத்தையுமா" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஒரு சொட்டுத் தண்ணி கேக்கலயேக்கா. கெட்டிக்காரிதான்" என்றாள். அவள் வாயில் நல்ல வார்த்தை வந்து எனக்கு ஞாபகமில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு மூக்கைச் சிந்துவார். நீ மூன்று வாய் தின்றிருக்கிறாய். சரி, அது அப்படியே இருக்கட்டும்.

இன்று உனக்குப் பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். வெள்ளைச் சோளம், தோல் நீக்கி உடைத்தது. பெரிய மொச்சை. மிளகாய்த்தூள், காரமில்லாதது, நிறத்துக்கு. சிவப்புத் தொத்திறைச்சி, காகிதத்தைப் பிரித்து காற்றாடத் தொங்கவிடு. இரண்டு தடவைக்கு ஆகும்படி அனுப்பியிருக்கிறேன், ஏனென்றால் முதல் தடவை நீ கெடுப்பாய்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். சோளத்தையும் மொச்சையையும் முந்தின நாள் இரவே ஊறப்போடு. ஊறின தண்ணீரைக் கொட்டாதே, அதிலேயே வேகவிடு. பூசணி உங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள். தோல் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும், வெட்டும்போது கத்தி மாட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீராக ஒழுகுகிற பூசணி பன்றிக்கு. அந்தப் பன்றியின் கால், தோல், விலா மூன்றும் பானைக்கு. பூசணி கரைந்து கரண்டிக்குத் தெரியாமல் போக வேண்டும். சோளம் வாய் திறந்து பாலை விட வேண்டும். கெட்டியாவது அப்படித்தான். மாவு போட்டாய் என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறி வந்துவிடுவேன். மரக்கரண்டி, அடிவரை. பானையை விட்டு நகராதே. உப்பு கடைசியில். முதலில் போட்டால் சோளம் கல்லாகிவிடும், அடுத்த வருடம் வரை வேகாது.

நிக்கனோரிடம் எதுவும் சொல்லாதே. இதெல்லாம் அவனுக்காக இல்லை. மொன்தெரோஸ் ஊரின் லோக்ரோவை ஒரு ஜெபக்கூட்டத்துக்காரி சாப்பிட்டுப் பார்க்கப் போகிறாள், அதற்காக.

ஹசிந்தா


ட்ரெலேவ், 10 மே 1987

ஹசிந்தா அண்ணிக்கு,

இப்படி அழைக்கலாமா என்று கேட்கவில்லை. அழைக்கிறேன்.

பார்சல் நல்லபடியாக வந்தது. தொத்திறைச்சி வாசனையை உங்கள் தம்பி கண்டுபிடித்துவிடுவார் என்று, அதைப் பின்பக்கம் சைக்கிள் கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன். நேற்று அவருக்கு நாள் முழுக்க ஷிப்ட். ஒத்திகை பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே கெட்டது.

எங்கள் வீட்டில் தண்ணீர் கொதித்ததும் முதலில் விழுவது உப்பு. கை தானாகப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் உங்கள் வரி ஞாபகம் வந்தது. சாயங்காலம் வரை வேகவைத்தேன். ஒன்றைக் கடித்தேன், பல் கூசியது. அடி வேறு பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் எதிர்வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். கோழிகளே யோசித்தன. அவர் வந்ததும், "என்ன கருகுன வாசனை" என்றார். கேக் என்றேன். மூன்று வருடத்தில் என் கேக் கருகியதே இல்லை. அவருக்காக அந்தக் கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை கெடாது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வேறு ஒன்று இருக்கிறது. அதை மறைத்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

அம்மா வெறுங்கையோடு வரமாட்டார். பண்ணையிலிருந்து பாதி ஆடு கொண்டுவருவதாக எல்வின் சொல்லியனுப்பியிருக்கிறான். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி கொண்டுவரும் கறி அந்த விருந்தின் பெரிய பானையில் விழ வேண்டும். அதோடு வேறு பச்சை இறைச்சி சேரக்கூடாது. அதை ஒதுக்கி வைத்தால், உன் கறி எங்களுக்கு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்படிச் செய்தால் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விடுவார்.

அதனால் லோக்ரோவில் பன்றி இல்லை. ஆட்டுக்கறிதான். போடாவிட்டால் என் அம்மாவுக்கு அவமரியாதை, போட்டால் உங்களுக்கு அவமரியாதை. இரண்டையும் யோசித்துவிட்டேன். போடுவேன். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் போட மாட்டேன்.

நெரிஸ்


மொன்தெரோஸ், 16 மே 1987

நெரிஸுக்கு,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். கோபம் ஆறுவதற்கு முன் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஆட்டுக்கறி போட்டால் அது லோக்ரோ இல்லை. சோளம் போட்ட ஆட்டு சூப். எங்கள் அம்மா, அவளுக்கு முன்னால் இருந்தவர்கள், யாரும் அந்தப் பானையில் ஆட்டைப் போட்டதில்லை. உனக்கு உன் அம்மாவின் மரியாதை பெரியது. பெரியதாகவே இருக்கட்டும், அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு என் அம்மாவின் பானை பெரியது.

உன் மேசை, உன் ஆடு, என்ன வேண்டுமானாலும் செய். ஆனால் அங்கே என் பெயரை எடுக்காதே. யார் சொல்லிக் கொடுத்தது என்று உன் அம்மா கேட்டால் ஹசிந்தா என்று உன் வாயிலிருந்து வரக்கூடாது. நிக்கனோர் கேட்டாலும் வரக்கூடாது. ஆட்டு லோக்ரோவுக்கு நான் பொறுப்பில்லை.

இனி சொல்வது உனக்கு அல்ல, பொதுவாகச் சொல்கிறேன். ஆட்டுக்கொழுப்பு ஆறினால் உதட்டில் மெழுகாக ஒட்டும். அதனால் வேகவைக்கும் முன்பே வெள்ளைக் கொழுப்பை எல்லாம் அரிந்து எறிந்துவிட வேண்டும். கறியைத் தனியாக ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பானையில் சேர்க்க வேண்டும். பன்றிக்கால் இல்லாவிட்டால் பிசுபிசுப்பு வராது, ஆட்டுக்கால் எலும்பை உடைத்துப் போட்டால் கொஞ்சம் வரும். பூசணி இன்னும் கால் பங்கு கூட. சீரகம் கை தாராளமாக. யாராவது இப்படி ஒரு காரியம் செய்வதாக இருந்தால் அவர்களுக்கு.

இங்கே கரும்பு வெட்டுத் தொடங்கப் போகிறது. குளிர்காலம் நெருங்குகிறது, காலையில் பனி. நீ அவனுக்குக் கம்பளி பனியன் போட்டுவிடுகிறாயா? சின்ன வயதிலேயே அவனுக்கு நெஞ்சில் சளி கட்டும்.

ஹசிந்தா


ட்ரெலேவ், 26 மே 1987

ஹசிந்தா அண்ணிக்கு,

வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் எல்வினும் காலையில் போய்விட்டார்கள், அவர் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அடுப்படி இன்னும் சூடாக இருக்கிறது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

மூன்று நாளும் மழையும் காற்றும்தான். முதல் இரண்டு நாள் உங்கள் தம்பி மில்லுக்குப் போனதைத் தவிர யாரும் வெளியே போகவில்லை. சனிக்கிழமை சூப்புக்கு அம்மா நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு கேக்கில் திராட்சை குறைவு என்றார். திங்கட்கிழமை விடியுமுன் நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன். உங்கள் தம்பி மில்லுக்குக் கிளம்ப சட்டை போட்டுக்கொண்டு வந்தவர், அடுப்படி வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பூசணி வெட்ட உட்கார்ந்தார்.

மதியம் மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டேன். அம்மா அதைப் பார்த்தார். முதல் தட்டு அம்மாவுக்கு. எல்லோரும் அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். அண்ணி, நீங்கள் அன்று என்னை எப்படிப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலாவது வாய் போனது. அப்புறம் நான் எண்ணவில்லை. எல்வின் ரொட்டியால் தட்டைத் துடைத்துத் தின்றான்.

தட்டு காலியானதும் அம்மா, "நம்ம ஆடு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாதுடி" என்றார். என் அம்மா இன்னொருத்தர் சமையலுக்குக் கொடுத்த பெரிய பாராட்டு இதுதான். பிறகு தட்டை நேராக அவரிடம் நீட்டி, "மாப்பிள்ள, இன்னும் கொஞ்சம்" என்றார். மூன்று வருடத்தில் முதல்முறையாக மாப்பிள்ளை என்றார்.

"உங்க ஊர்ல இதுக்கு ஆட்டுக்கறிதான் போடுவாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கத்தை. எங்க ஊர்ல பன்னி. ஆட்டுக்கறி லோக்ரோ இந்த வீட்டுல மட்டும்தான்" என்றார் அவர். தலையை நிமிர்த்திச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

யார் சொல்லிக் கொடுத்தது என்று அம்மா என்னிடம் கேட்கத்தான் செய்தார். நீங்கள் எழுதியபடி உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நானே கற்றுக்கொண்டேன் என்றேன். அடுத்தவர் பெருமையை என் பெருமை என்று சொல்லிக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. இனி அப்படிச் சொல்லச் சொல்லாதீர்கள்.

பாத்திரம் தேய்க்கும்போது உங்கள் தம்பி பக்கத்தில் வந்து நின்றார். "உப்பக் கடைசியிலதான போட்ட" என்றார். ஆமாம் என்றேன். "அக்கா எழுதினாளா?" என்றார். "பேரச் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இன்று காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது பேனா எங்கே என்று கேட்டார். எடுத்து வைத்திருக்கிறேன்.

நெரிஸ்


மொன்தெரோஸ், 26 மே 1987

நெரிஸுக்கு,

உன் கடிதம் வர எப்படியும் ஒரு வாரம் ஆகும். அதுவரை என்னால் காத்திருக்க முடியவில்லை. பானை நல்லபடியாக வந்ததா, சோளம் கல்லாகவே இருந்ததா, உன் அம்மா கோட்டைக் கழற்றினாளா, எதுவும் தெரியாமலேயே எழுதுகிறேன்.

நேற்று இங்கே வழக்கம்போலக் கூட்டம். முற்றம் முழுக்கப் புகை. பிரிகிதா முதல் ஆளாகப் பானையோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் பேக்கரிக்காரர் ரொசாலெஸ், அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. பிரிகிதா அவளுடைய அந்த ரகசியக் குரலில், "ஒங்க தம்பி வீட்ல இன்னைக்கு என்னக்கா, டீயும் கேக்குமா" என்றாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் பெயரை எடுக்காதே என்று உனக்கு எழுதியவள் நான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"என் தம்பி வீட்ல இன்னைக்கு லோக்ரோ. நெரிஸ் வைக்கிறா. அவங்கம்மா சாப்புட வர்றாங்க" என்றேன்.

"பன்னிக்காலு கெடைக்குமா அந்த ஊர்ல?"

"ஆட்டுக்கறி போடுறா."

ரொசாலெஸ் பானையைக் கீழே வைத்துவிட்டு, "ஆட்டுக்கறி போட்டா அது லோக்ரோவாம்மா? சோளம் போட்ட ஆட்டு சூப்பு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் உனக்கு எழுதிய அதே வார்த்தை. ஒன்றுகூட மாறவில்லை. நான் எழுதியபோது நியாயமாகத்தான் இருந்தது. அந்த ஆள் வாயில் கேட்டபோது எனக்குக் காலிலிருந்து தலைவரை எரிந்தது. அவர் யார் உன்னைச் சொல்ல? முழுக் கிண்ணத்தையும் ஊற்றிக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் உட்கார்ந்திருக்க அவரால் முடியுமா?

கரண்டியைப் பானையில் நட்டுவைத்துவிட்டு, "எங்க வீட்டுப் பொண்ணு வச்சா அது லோக்ரோதான். நான் சொல்லிக் குடுத்தது. வேணும்னா பானைய நீட்டுங்க, இல்லன்னா பின்னால நிக்கிறவங்களுக்கு வழி விடுங்க" என்றேன்.

ரொசாலெஸ் பானையை நீட்டினார். பிரிகிதா, "முட்டாள் மனுசன், அந்தப் பொண்ணப் பத்தி என்ன தெரியும் ஒனக்கு" என்று அவரைத் திட்டிக்கொண்டே போனாள். சாயங்காலம் வரை முற்றத்தில் உன்னைப் பற்றித்தான் பேச்சு.

நான் சொல்லாதே என்று சொன்னதால் நீ அங்கே என் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாய். உன்னைப் பற்றி இவ்வளவு எனக்குத் தெரியும். நான் இங்கே தெரு முழுக்க உன் பெயரைச் சொல்லிவிட்டேன். இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டேன்.

உன் அண்ணி,
ஹசிந்தா